எங்கள் வீட்டு அபித்தான்கள்

ஒரு வீட்டில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று பிரெஞ்சுக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குள் அத்தை மகன் புதிதாக வந்து சேர்ந்துவிட்டதால், அந்தக் கணக்கைச் சரிக்கட்ட என்னைக் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருடம் நான் இதை முழுமனதாக நம்பினேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். எங்கள் தெருவுக்கும் பிரெஞ்சு அரசாங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு நிமிடம் எனக்குத் தோன்றியிருந்தால், அந்த வருடம் எனக்குச் சோறு ஒழுங்காக இறங்கியிருக்கும்.

இதை எழுதும்படி ஆனதற்கு நீங்கள்தான் காரணம். போன மாதம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், ‘எல்லாரும் அவங்கவங்க சொந்த ஊரைப் போடுங்கப்பா’ என்று கேட்டார். சர்க்கரை மாத்திரை, முட்டிவலித் தைலம், பேரன் தவழும் படம் என்று எதைப் போட்டாலும் முந்திக்கொண்டு பதில் எழுதுகிற நான் அதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. ‘என்னப்பா, ஊரு பேரே மறந்துபோச்சா?’ என்று கிண்டல் வேறு. மறக்கவில்லை. எனக்கு ரெண்டு ஊர் இருக்கிறது, ரெண்டும் என்னை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்களுக்கு நான் ராசபாளையத்தான். ராஜபாளையத்தில் போய் நின்றால் வில்லிபுத்தூர்க்காரன். பஸ்ஸில் ஒரு தூக்கம் போடக்கூடக் காணாத தூரம். அதற்கு நடுவில் எங்கேயோ நான் இருக்கிறேன்.

அந்தக் கணக்கில் வரும் பிரெஞ்சுச் சொல் ‘அபித்தான்’. கடைசி எழுத்து வாயில் முடியாது, மூக்குக்குள் ஏறிப் பாதியில் நின்றுவிடும். அத்தை மகன் சொன்னால் ஜலதோஷம் பிடித்த ராஜகுமாரன் பேசுவதுபோல் இருக்கும். நான் சொன்னால் வெறும் ஜலதோஷம்தான்.

அத்தை, என் அப்பாவின் அக்கா. பாண்டிச்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். குடும்பத்தையும் பிரான்ஸுக்கே வரவழைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அத்தை முதலில் போய் எல்லாம் சரிசெய்துவிட்டு, பிறகு வந்து மகனைக் கூட்டிப்போக வேண்டும். அதுவரை அவன் எங்கள் வீட்டில் இருப்பான். ஆனி மாதம் ஒரு காலையில், காலில் ஷூ, எண்ணெய் வழியாத தலை, கையில் தகர டப்பா நிறைய பிஸ்கட் சகிதம் வந்து இறங்கினான். எங்கள் தெருவில் அதற்கு முன் ஷூ போட்டு நடந்தவர் தபால் ஆபீஸ் மாஸ்டர் ஒருவர்தான்.

அதே வாரம் என்னைக் கொண்டுபோய் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியம்மா வீட்டில் விட்டார்கள். பெரியம்மா, அம்மாவின் அக்கா. அங்கே பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம் என்றார்கள். “ஒரு வருசந்தாம்லே. கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள போயிரும்” என்றாள் அம்மா. சனிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்கு வரலாம், திங்கட்கிழமை காலையில் திரும்பிவிட வேண்டும்.

ஒருவன் வருகிறான், அதே வாரம் ஒருவன் போகிறான். கூட்டல் கழித்தல் தெரிந்த எவனுக்கும் சந்தேகம் வருமா வராதா, சொல்லுங்கள்.

முதல் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் வலப்பக்க ஜன்னலில் மலை கூடவே வந்தது. ஊர் நெருங்கியதும் மில்லின் எண்ணெயும் பஞ்சும் கலந்த வாசனை. வாசலில் எங்கள் நாய் படுத்திருந்தது. வெள்ளை நாய், ரோஸ் மூக்கு. எங்கள் ஊர் நாய்க்கு இனத்தின் பெயரே ராஜபாளையம்தான். சொந்த ஊர் பற்றி எந்தச் சந்தேகமும் இல்லாத ஒரே ஜீவன். அது அத்தை மகனின் ஷூ மேல் தலையை வைத்துக்கொண்டு, எழுந்திருக்காமலே என்னைப் பார்த்து ஒருதரம் வாலை ஆட்டியது. கடைக்காரர் பழைய வாடிக்கைக்குத் தலையாட்டுவதுபோல.

உள்ளே கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சாதாரணச் சனிக்கிழமையில் எங்கள் வீட்டில் கோழி கிடையாது. “கையக் கழுவிட்டு வாலே” என்றாள் அம்மா. கழுவிவிட்டு வந்து பார்த்தால் கூடத்தில் வரிசை போட்டிருந்தது. அத்தை மகனுக்குத் தட்டு. தங்கைக்குத் தட்டு. எனக்கு இலை.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. விருந்தாளிக்கு இலை, வீட்டு ஆளுக்குத் தட்டு. மாப்பிள்ளை வந்தால் இலை, சம்பந்தி வந்தால் இலை, பஞ்சாயத்துப் பேச வந்தவருக்கும் இலை. வீட்டில் இருக்கிறவர்களுக்கு அவரவர் பெயர் வெட்டிய தட்டு. என் தட்டு எனக்குக் காது குத்தியபோது தாய்மாமன் சீராக வந்தது. விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக என் பெயர். ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். ரசம் ஊற்றினால் அந்தப் பக்கம் ஓடிப்போய்க் குளம் கட்டும், கடைசியில் அந்தக் குளத்தை உறிஞ்சிக் குடிப்பேன். அந்தக் குளத்தில் இப்போது அத்தை மகன் கோழிக் குழம்பைத் தேக்கி, பாண்டிச்சேரி நாகரிகத்தோடு விரல் நுனியால் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் பெயரின் முதல் எழுத்து மேல் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது.

“எனக்கு எதுக்கு எல?” என்றேன்.

“வாரத்துக்கு ஒருக்க வார பிள்ள. ஒனக்கு எல போடாம வேற யாருக்குப் போடப் போறேன்?” முகமெல்லாம் சிரிப்பு அம்மாவுக்கு. சட்டியைத் துழாவி ஈரலைத் தேடி எடுத்து என் இலையில் வைத்தாள்.

வாரத்துக்கு ஒருக்க வருகிற பிள்ளை. ஈரலை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினேன். இன்றைக்கு யோசித்தால் தெரிகிறது, அம்மா ஒரு வாரமாக அந்தச் சனிக்கிழமைக்காகக் காத்திருந்திருக்கிறாள். கிழிசல் இல்லாத நுனி இலையாகத் தேடி வாங்கியிருக்கிறாள். தனக்குத் தெரிந்த மரியாதையிலேயே பெரிய மரியாதையை மகனுக்குச் செய்திருக்கிறாள். அதைப் பார்த்து மகனுக்கு வயிறு எரியும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

மறுநாள் ஞாயிறு. பக்கத்து வீட்டு மாமரத்தில் பாதி எங்கள் கொல்லைக்குள்தான் நிழல் போடும். காய்ப்பு முடிந்திருந்தது, அணில் கடித்த கடைசிப் பழங்கள் அழுகித் தித்திப்பாக நாறிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டம்மா தெலுங்கு பேசுகிறவர். சுவருக்கு மேல் தலையை நீட்டி அத்தை மகனைப் பார்த்து, “ஏமி தொரா!” என்றார். துரை! எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருக்கிறேன். என்னை அந்தம்மா கூப்பிடுவது, “ஏய், கல்ல விட்டெறிஞ்சது நீதானே?”

துரை மரத்தடியில் உட்கார்ந்து விரலை மடக்கி எண்ணினான்.

“உங்க வீட்ல அஞ்சு அபித்தான்.”

“அப்படின்னா?”

“ஒரு எடத்துல குடியிருக்கிறவங்க. எங்க ஸ்கூல்ல மொதப் பாடமே அதான். ஒரு கிராமம், அதுல நூறு அபித்தான். அங்கேர்ந்துதான் எல்லாக் கணக்கும் ஆரம்பிக்கும்.” மறுபடி எண்ணிக் காட்டினான். “மாமா, அத்த, தங்கச்சி, நான், நாய்.”

“நாயி எப்படிச் சேரும்?”

“சேரும். காட்டுக்குப் புலி, மான் எல்லாம் அபித்தான். கடலுக்கு மீனு. உங்க வீட்டுக்கு நாய்.”

“என்னய விட்டுட்டியே!”

அவன் என்னை நிதானமாகப் பார்த்தான். “நீ வில்லிபுத்தூர்லதான இருக்க?”

“இது எங்க வீடுலே!”

“வீடு உங்க அப்பாவுது. சொந்தக்காரனுக்கு வேற வார்த்த இருக்கு. அபித்தான்னா அங்க தூங்கி அங்க எழுந்திருக்கிறவன்.”

“நான் இந்த ஊர்லதாம்லே பொறந்தேன்!”

“எங்க? இந்த வீட்லயா?”

“ஆஸ்பத்திரியில.”

“அப்ப நீ ஆஸ்பத்திரிக்கு அபித்தானா?”

தங்கை பக்கென்று சிரித்துவிட்டாள். அவளைக் கிள்ளினேன். அவள் அலறியதில் அம்மா உள்ளேயிருந்து, “ஏலே, அங்க என்ன சண்ட? அத்தான்ட்ட மரியாதையா இரு. அத்தான்னு கூப்டு, ஒரு வயசு மூத்தவன்” என்று குரல் கொடுத்தாள். (இன்றைக்கும் கூப்பிட்டதில்லை. அவன் இப்போது பிரான்ஸில் முழு வழுக்கையோடு இருக்கிறான். வருடத்துக்கு ஒருதரம் போனில் பேசுவோம். ‘இந்தாரு’, ‘அப்புறம்’, ‘ஹலோ கேக்குதா’ என்று எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன்.)

“அப்ப நான் யாரு?” என்று கேட்டேன்.

“நீ விஸித்தேர்” என்றான்.

அதற்கு அர்த்தம் கேட்க வேண்டியிருக்கவில்லை. விருந்தாளி இலையில் சாப்பிட்டு முடித்தவனுக்குத் தெரியாதா? இன்னொன்றை மட்டும் கேட்டேன். “அஞ்சு, ஆறாகக் கூடாதா?”

“இப்ப அஞ்சுதான்” என்றான் அவன்.

அன்று மாலை வரை அந்த ‘தான்’ என் மண்டைக்குள் சுற்றியது. நான் இருந்தபோது அப்பா, அம்மா, தங்கை, நான், நாய். ஐந்து. இப்போது அப்பா, அம்மா, தங்கை, அவன், நாய். அதே ஐந்து. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்கிறார்கள் பாருங்கள்! நாயைக்கூடக் கழிக்கவில்லை. என்னைக் கழித்திருக்கிறார்கள்.

இப்போது அகராதியைப் புரட்டினால் அந்தச் சொல்லுக்கு ஒரே வரிதான் போட்டிருக்கிறது. ஓர் இடத்தில் வசிப்பவர். எவ்வளவு எளிமையான சொல்! நம்மிடம் ஒருவன் எந்த ஊர்க்காரன் என்று கேட்டால் அவன் தாத்தா எந்த ஊர், குலசாமி எங்கே, கல்யாணம் காட்சிக்கு யார் வீட்டில் சொல்லுவார்கள் என்று தோண்டிக்கொண்டே போவோம். எங்கள் தெருமுனை மளிகைக்கடைக்காரரின் அப்பாவே ராஜபாளையத்தில் பிறந்தவர், ஆனாலும் அது ‘தேவதானத்தார் கடை’தான். எதிர்வீடு எத்தனை காலமானாலும் ‘சோழபுரத்தார் வீடு’தான். பிரெஞ்சுச் சொல் அதையெல்லாம் விசாரிப்பதில்லை. ராத்திரி எங்கே படுக்கிறாய் என்று மட்டும் கேட்கும். எங்கள் தெருவில் ஒரு வாரம் படுத்தெழுந்த பாண்டிச்சேரிக்காரனை அது உள்ளே விட்டது. என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியம்மா வீடு தேரடிக்குப் பக்கத்துத் தெருவில். விடிந்ததிலிருந்து பால் சுண்டக் காயும் வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும். பெரியப்பா ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்த்தார். பிள்ளைகள் கிடையாது. வீடு அவ்வளவு சுத்தமாக இருக்கும், எதுவும் உடைந்திருக்காது, சுவரில் ஒரு கிறுக்கல் இருக்காது. நான் போன பிறகுதான் அந்த வீட்டில் முதல் டம்ளர் நசுங்கியது. பெரியம்மா அதை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் பெரியப்பா பழைய பேப்பரில் சுற்றிய பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால் புதுத் தட்டு. பெரியம்மா அதை முந்தானையால் துடைத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். விளிம்பில் என் பெயர், இனிஷியலோடு.

“பேரு வெட்டியாச்சுலே. நம்ம கடையிலயே நல்ல கனமான தட்டாப் பாத்து எடுத்தேன். இனி இது ஒனக்கு” என்றார் பெரியப்பா.

தட்டு கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதில் என் முகம் தெரிந்தது. பேயைப் பார்த்தவன் முகம். பெயர் வெட்டிவிட்டார்கள் என்றால் முடிந்தது கதை. அங்கே பேரைக் கழித்து இங்கே கூட்டிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரன் கணக்கு எவ்வளவு தூரம் பாய்ந்துவிட்டது பாருங்கள், பெரியப்பா கடை வரைக்கும்!

“எனக்குத் தட்டு வேண்டாம். எல போடுங்க” என்றேன்.

“எதுக்குலே எல?”

“தட்டுல சாப்பிட்டா எனக்கு வயித்த வலிக்கும்.”

“ராசபாளையத்துல தட்டுலதான சாப்பிட்ட? அங்க வலிக்கலியாக்கும்?”

“அங்க வலிக்காது.”

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். கிணற்றடியில் நின்றது ஒரே ஒரு வாழை. மறுநாளும் இலை கேட்டேன். அதற்கு மறுநாளும். விருந்தாளி என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதே!

“இட்லிக்குமாலே எல?” என்பார் பெரியப்பா.

“இட்லிக்குந்தான்.”

“சம்பந்தியாட்டம் மூணு வேளையும் எலையில உக்காருதான்! இன்னும் ஒரு வாரம் போனா இவனுக்குத் தாம்பூலம் வேற வைக்கணும்.”

“விடுங்க. எதுலயோ பிள்ள வயிறாரச் சாப்பிட்டாச் சரி” என்பாள் பெரியம்மா.

கொஞ்ச நாளில் வாழை மொட்டையாகி, கோபித்துக்கொண்டதுபோல் நின்றது. அதன் பிறகு பெரியப்பா கடையிலிருந்து வரும்போது இலைக்கட்டு வாங்கி வர ஆரம்பித்தார். புதுத் தட்டு அலமாரியில் சாய்த்து வைத்தபடி இருந்தது. பெரியம்மா தினமும் அதை எடுத்துத் துடைத்து மறுபடி அங்கேயே வைப்பாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் நீங்கள் என்னை ‘ஏய் ராசபாளையம்’ என்று கூப்பிட்டுச் சீண்டுவீர்கள். ஊரைச் சொல்லிக் கூப்பிட்டால் எவனும் மல்லுக்கு நிற்பான், இவன் மட்டும் ஏன் பல்லைக் காட்டினான் என்று அன்றைக்குக் குழம்பியிருப்பீர்கள். இப்போது தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஊர் என் பேரோடு ஒட்டியிருந்த ஒரே இடம் உங்கள் வாய்தான். ‘இன்னொருக்க சொல்லு’ என்று கேட்காமல் இருந்தது என் பெருந்தன்மை.

சனிக்கிழமைதோறும் வீட்டுக்குப் போய் நஷ்டக் கணக்குப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு வாரம் அவன் நான் அடிக்கும் விசிலைக் கற்றுக்கொண்டிருந்தான், நாய் அதற்கு ஓடியது. இன்னொரு வாரம் அப்பா அவனைத் தான் வேலை பார்த்த மில்லுக்குக் கூட்டிப்போய் எந்திரங்களைக் காட்டியிருந்தார். என்னைக் கூட்டிப்போகச் சொன்னபோதெல்லாம், ‘சின்னப்பிள்ளைய உள்ள விட மாட்டாங்க’ என்றவர். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நாள் அம்மாவிடம் அவன் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கொடுத்தான். அம்மா அதை வாங்கிக்கொண்டு, “மெர்ஸி” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள். என் அம்மா! வெட்கப்பட்டுக்கொண்டு! நான் எத்தனை செம்பு எடுத்துக் கொடுத்திருப்பேன். ‘வச்சிட்டுப் போலே’ என்பதற்கு மேல் எதுவும் கேட்டதில்லை.

புரட்டாசி தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அதற்கப்புறம் ஒரு மாதம் கறி கிடையாது என்பதால் அன்றைக்கு ஆட்டுக்கறி. நான் எல்லாருக்கும் முன்னால் அடுக்களைக்குள் போய், கவிழ்த்து வைத்திருந்த என் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

“தட்டக் குடுலே. ஒனக்கு எல போட்டிருக்கேன்ல?” என்றாள் அம்மா.

“என் பேரு வெட்டியிருக்கு. வேணும்னா வாசிச்சுப் பாரு.”

“எனக்கு வாசிக்கத் தெரியாதாக்கும்? அவன் எதுல சாப்பிடுவான்?”

“எலையில சாப்பிடட்டும். அவன்தான் வெளியாளு. அவன்தான் விஸித்தேர்!”

அத்தை மகனின் காது ரெண்டும் சிவந்தன. போய் இலையின் முன்னால் உட்கார்ந்தான்.

“பாத்தியாலே, அவனுக்கு எம்புட்டுப் பெருந்தன்மைன்னு?” என்றாள் அம்மா.

தோற்றுக்கூட ஜெயிக்கிறவனை என்ன செய்ய முடியும்?

நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார். தலைமயிரிலும் காதோரத்திலும் பஞ்சுத் தூசி. “என்ன சத்தம்?” என்றார். அம்மா சொன்னாள். “தட்ட உள்ள வையி. ரெண்டு பேத்துக்கும் எலையப் போடு” என்று முடித்துவிட்டு மறுபடி படுக்கத் திரும்பினார்.

“அப்பா, நான் இந்த வீட்டு ஆளா, இல்லையா?”

அப்பா நின்றார். அம்மாவைப் பார்த்தார். அம்மா ரசச் சட்டிக்குள் பார்த்தாள். ரசத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

“மொதல்ல சாப்பிடு. பொறவு பேசுவோம்” என்றார் அப்பா. அந்தப் பொறவு வரவேயில்லை.

கை கழுவும்போது கிணற்றடியில் அத்தை மகன் மெதுவாகச் சொன்னான். “உன் தட்டு எனக்கு வேணாம். பாண்டில எங்க வீட்டக் காலி பண்ணிட்டாங்க. பிரான்ஸ்ல இன்னும் வீடே கெடைக்கலயாம். எங்கயாவது ஒரு எடத்துல நானும் அபித்தானா இருக்கணும்ல?”

இந்த இடத்தில் என் கண் கலங்கியது என்று எழுதினால் எனக்கும் நன்றாக இருக்கும், உங்களுக்கும் நன்றாக இருக்கும். கலங்கவில்லை.

“அப்ப ஒங்கம்மா வந்தா நீ போயிருவியா?” என்று கேட்டேன்.

“போயிடுவேன்.”

எனக்கு உள்ளுக்குள் தேர் ஓடியது. அவன் போனால் நாலு. நாலு போதாது. கணக்கைச் சரிக்கட்ட யாரையாவது கூட்டித்தானே ஆக வேண்டும்?

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை அம்மா சேதி சொன்னாள். தீபாவளிக்கு முன்னால் அத்தை வருகிறாள், அவனைக் கூட்டிக்கொண்டு அப்படியே கிளம்புகிறாள். மறுவாரம் முழுக்க எனக்குப் பாடம் ஏறவில்லை. தீபாவளி லீவு விட்ட அன்று உங்களில் ஒருவரிடம், “இனி நான் வர மாட்டேன்” என்று சொல்லி என் பம்பரத்தைத் தானமாகக் கொடுத்தேன். வாங்கியவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார். நான் திரும்பி வந்த பிறகும் பம்பரம் வரவில்லை.

பெரியம்மா வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியை இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் அடைத்தேன். புத்தகம், குளிருக்குப் போர்த்தும் துப்பட்டி, தேய்ந்த செருப்பு வரைக்கும். பெரியம்மா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தீவாளிக்கு இம்புட்டுத் துணியாலே?”

“ஆமா.”

அவள் உள்ளே வந்தாள். கீழே உட்கார்ந்து, நான் சுருட்டித் திணித்திருந்த சட்டைகளை வெளியே எடுத்து ஒவ்வொன்றாக நீவி மடித்து அடுக்கினாள். மேலே ஒரு பால்கோவாப் பொட்டலம் வைத்தாள். “பெட்டி கனக்கும். பெரியப்பாவ பஸ் வரைக்கும் வரச் சொல்லுதேன்” என்றாள். பெட்டியை மூடும்போது அவள் கை செத்த நேரம் மூடி மேலேயே இருந்தது. எனக்கோ பஸ் போய்விடுமே என்ற பதற்றம். எடுங்கள் கையை என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஷூ இல்லை. நாய் ஓடி வந்து என் மேல் விழுந்து நக்கியது. பெட்டியை நடுக்கூடத்தில் வைத்துவிட்டு ஜெயித்தவனைப் போல் நின்றேன்.

“என்னலே பெட்டியோட வந்து நிக்க?” என்றாள் அம்மா. கையெல்லாம் முறுக்கு மாவு.

“அவன் போயிட்டான்ல. அஞ்சுல ஒண்ணு கொறையுதுல்ல?”

“எந்த அஞ்சு?”

சொன்னேன். பிரெஞ்சுக்காரன், ஒரு வீட்டுக்கு இத்தனை அபித்தான், அவனைக் கூட்டியதற்காக என்னைக் கழித்தது, பெரியப்பா தட்டில் பேர் வெட்டியது, நான் இட்லிக்கும் இலை கேட்டது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சுவரில் சாய்ந்து, தங்கையையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் மாவுக் கையோடு முகத்தை மூடிக்கொண்டாள்.

“கிறுக்குப் பயலே” என்றாள். “ஒன்னய பெரியம்மா வீட்டுக்கு விடுறதுன்னு சித்திரையிலயே பேசியாச்சுலே. இவன் வருவான்னே அப்பத் தெரியாது.”

“எதுக்கு விட்டிய?”

“அவளுக்குப் பிள்ளை இல்லல்ல. ஒரு பிள்ளை வீட்டுக்குள்ள நடமாடுனா நல்லாருக்கும்னு கேட்டா. எங்க அக்கா எங்கிட்ட வேற எதையும் கேட்டதில்லலே.”

“பள்ளிக்கூடம் நல்லாருக்கும்னு சொன்னிய?”

“அதுவும் நல்லாத்தான இருக்கு.”

“ஒரு வருசம்னு சொன்னிய?”

அம்மா முறுக்கு உழக்கை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அத்தை மகன் வராமலே இருந்திருந்தாலும் நான் போயிருப்பேன். தீபாவளி முடிந்த திங்கட்கிழமை காலையில் அப்பா என் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை நான் பெரியம்மா வீட்டில்தான் இருந்தேன்.